பனிக்கு நல்ல பூட்ஸ் ஐஸுக்கு ஏன் உதவுவதில்லை?

ரொறன்ரோவின் யூனிவர்சிற்றி அவெனியூவில், வைத்தியசாலைகள் வரிசையாக நிற்கும் இடத்தில், நிலத்துக்குக் கீழே ஒரு ஆய்வுகூடம் இருக்கிறது. அங்குள்ள ஒரு அறையின் தரை முழுக்க நிஜ ஐஸ். அறையை அப்படியே தூக்கி ஒரு பக்கமாகச் சாய்க்கலாம். உள்ளே ஒருவர் வின்ரர் பூட்ஸ் போட்டுக்கொண்டு ஏறி இறங்கி நடப்பார். விழுந்தால் அடிபடாதபடி மேலிருந்து வரும் வார்ப்பட்டை அவர் உடம்பைப் பிடித்திருக்கும். வழுக்கவில்லை என்றால் சாய்வைக் கூட்டுவார்கள். பிறகு இன்னும் கொஞ்சம். வழுக்காமல் நடக்க முடிந்த உச்சச் சாய்வு எத்தனை பாகையோ, அதுதான் அந்த பூட்ஸ் வாங்கும் புள்ளி.

ரொறன்ரோ ரிஹாபிலிற்றேசன் இன்ஸ்ரிரியூட் நடத்தும் இந்தப் பரிசோதனையின் முதல் முடிவுகள் 2016 நவம்பரில் வெளிவந்தன. வேலைத்தளப் பாதுகாப்பு பூட்ஸ், சாதாரண பூட்ஸ் என 98 வகை சோதிக்கப்பட்டன. தேறுவதற்கு 7 பாகைச் சாய்வு போதும் என்று வைத்திருந்தார்கள். நடைபாதை வீதியோடு சேரும் இடத்தில், சக்கரநாற்காலி இறங்குவதற்காகச் சரித்துவிட்டிருப்பார்களே, அந்தச் சாய்வை மனதில் வைத்து எடுத்த அளவு அது. செங்குத்தான மலை ஒன்றும் இல்லை. அப்படியிருந்தும் பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை.

கடையில் குளிர்காலத்துக்கென்றே விற்கும் சப்பாத்துகள் அவை. ஒன்ராறியோவில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 20,000 பேர் பனியிலும் ஐஸிலும் விழுந்து அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடோ கோடைச் செருப்போடோ வெளியே போனவர்கள் அல்லர். வின்ரர் பூட்ஸ்தான் போட்டிருந்திருப்பார்கள். கோளாறு எங்கே என்று பார்க்க, முதலில் ஐஸின் குணத்தைப் பார்க்கவேண்டும்.

ஐஸ் ஏன் வழுக்குகிறது என்பதற்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த விடை, நம் பாரம் அழுத்துவதால் ஐஸ் உருகி நீராகிறது என்பது. கணக்குப் போட்டால் அது நிற்காது. 70 கிலோ ஆள் ஒரு குதியில் நின்றால் ஐஸின்மேல் விழும் அழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போலச் சில மடங்குதான். அதனால் உருகுநிலை குறைவது ஒரு பாகையில் நூறில் ஒரு சில பங்குதான். வெளியே –5 என்றால் அது எதற்கும் காணாது. 1850-இல் மைக்கல் பரடே வேறொரு யோசனை சொன்னார்: ஐஸின் மேற்பரப்பில், உறைநிலைக்குக் கீழேயும், நீர்போன்ற ஒரு மெல்லிய படை எப்போதும் இருக்கிறது. அப்போது அதைப் பெரிதாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 1939-இல் பௌடன், ஹியூஸ் என்ற இருவர், உராய்வினால் பிறக்கும் சூடே ஐஸை உருக்குகிறது என்று காட்டினார்கள். இன்றைய விளக்கம் இந்த இரண்டையும் சேர்த்துக்கொள்கிறது. மேற்பரப்பில் உள்ள மூலக்கூறுகளுக்குப் பிடிமானம் குறைவு. அவை உள்ளே இருப்பவைபோல இறுகி நிற்காமல் உருண்டு திரிகின்றன. குளிர் கூடக்கூட அவற்றின் ஓட்டம் அடங்கும்.

அதனால் –20 பாகை செல்சியஸில் ஐஸ் ஓரளவு காய்ந்த தரைதான். மென்மையான றப்பர் அதில் நன்றாகவே பிடிக்கும். ஆளை விழுத்துவது பூச்சியத்தை ஒட்டிய நாட்கள். பகலில் உருகி, பின்னேரம் உறைந்து, மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு ஈரம் நிற்கும். அந்த ஈர ஐஸில் சாதாரண றப்பரின் உராய்வுக் குணகம், அதாவது பிடிமானத்தைக் காட்டும் எண், 0.05-க்கும் கீழே போகும். சமதரையில் இயல்பாக நடக்க ஏறத்தாழ 0.2 தேவை. தேவைப்படுவதில் கால்வாசிதான் கிடைக்கிறது. கடும் குளிர் எச்சரிக்கை வந்த நாளில் கவனமாக இருந்துவிட்டு, “இண்டைக்குக் குளிர் பரவாயில்லை” என்று வாசலைத் தாண்டும் நாளில் விழுவது இதனால்தான். உப்புத் தூவினால் இந்த நீர்ப்படை முதலில் கூடி, பிறகுதான் ஐஸ் கழன்று போகும். இடைப்பட்ட நேரம் அவ்வளவு நல்லதில்லை.

இனிக் காலுக்கு வருவோம். நடக்கும்போது பாதம் தட்டையாக இறங்குவதில்லை. விரல் பக்கம் தூக்கியபடி, குதியின் பின்விளிம்பு முதலில் தொடும். உடம்பின் பாரம் பத்தில் ஒரு நொடிக்குள் அந்தச் சின்ன விளிம்பில் வந்து இறங்கும். வழுக்கி விழுவதில் பெரும்பங்கு அந்தக் கணத்தில்தான் தொடங்குகிறது. ஓரிரு சென்ரிமீற்றர் வழுக்கினால் நமக்குத் தெரிவதேயில்லை; உடம்பு தானாகச் சமாளித்துவிடும். 10 சென்ரிமீற்றரைத் தாண்டிவிட்டால் மீள்வது கஷ்டம்.

சப்பாத்துக் கடையில் நாங்கள் பார்ப்பது எதை? பூட்ஸைத் திருப்பி, பாதத்தின் நடுவிலே இருக்கும் பற்கள் எவ்வளவு ஆழம் என்று விரலால் தடவிப் பார்ப்போம். குதியின் பின்விளிம்பை யாரும் கவனிப்பதில்லை. அந்த விளிம்பு கூராக வெட்டி நின்றால், முதல் தொடுகையில் ஐஸில் படுவது ஒரு மெல்லிய கோடு மட்டும். சற்றே சரித்துச் சீவியிருந்தால் தொடும் பரப்பு கூடும், றப்பர் வேலைசெய்ய ஒரு வாய்ப்புக் கிடைக்கும். வடிவமைப்பவருக்கு இது சின்ன வேலை. ஆனால் பல பூட்ஸ்களில் அதைக்கூடக் காணோம்.

ஆழமான பற்கள் மேல் நமக்குள்ள நம்பிக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. மிலான் நகரைச் சேர்ந்த மலையேறி விற்றாலே பிரமானி, 1935-இல் இத்தாலிய அல்ப்ஸில் தன் நண்பர்கள் ஆறு பேரைப் பறிகொடுத்தார். அக்காலத்தில் மலையேறப் பயன்பட்ட சப்பாத்துகளும் அந்தச் சாவுக்கு ஒரு காரணம் என்று நினைத்தார். பிரெல்லி ரயர் கம்பெனியின் ஆதரவோடு 1937-இல் றப்பரில் பல்வைத்த அடி ஒன்றைக் கொண்டுவந்தார். யுத்த டாங்கியின் சங்கிலியைப் பார்த்து அதற்குக் ‘கர்ரார்மாத்தோ’ என்று பெயர். அவர் பெயரின் முதல் எழுத்துகளைச் சேர்த்தால் வருவதுதான் விப்ரம். 1954-இல் கே-2 சிகரத்தை முதலில் தொட்ட இத்தாலியர்களின் காலிலும் விப்ரம் அடிதான் இருந்தது. இன்றைக்கு எந்த பூட்ஸைத் திருப்பினாலும் அந்த வடிவத்தின் சாயலைக் காணலாம்.

மண்ணிலும் சேற்றிலும் புதுப்பனியிலும் அந்தப் பற்கள் அருமையாக வேலைசெய்யும், ஏனென்றால் அவை உள்ளே இறங்கிப் பிடிக்க அங்கே இடம் இருக்கிறது. ஐஸுக்குள் றப்பர் பல் இறங்காது. பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி முழுவதும் தொடாத இடம்; அவ்வளவுக்குப் பிடிமானம் இழப்பு. இடைவெளியில் பனி அப்பிக்கொண்டால் நிலைமை இன்னும் மோசம், பிறகு ஐஸின்மேல் பனி வழுக்குகிறது. பார்வைக்கு முரட்டு பூட்ஸ், ஈர ஐஸில் தட்டையான கன்வஸ் சப்பாத்தைவிடப் பெரிதாக ஒன்றும் செய்யாது. பனிக்கு வேண்டியதும் ஐஸுக்கு வேண்டியதும் வேறு வேறு. கடைகளோ இரண்டையும் ‘வின்ரர்’ என்ற ஒரே பலகையின் கீழ் அடுக்கி வைத்திருக்கின்றன.

அப்படியென்றால் ஐஸுக்கு எது வேண்டும்? முதலாவது, குளிரில் இறுகாத றப்பர். றப்பர் பிடிப்பது இரண்டு விதமாக: தரையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் நெளிந்து புகுந்து ஒட்டிக்கொள்ளும்; நெளியும்போது சக்தியை உள்ளே விழுங்கும். இரண்டுக்கும் மென்மை தேவை. ஒவ்வொரு றப்பரும் ஏதோ ஒரு வெப்பநிலையில் கண்ணாடிபோல இறுகிவிடும். இயற்கை றப்பருக்கு அது –70 பாகை செல்சியஸை ஒட்டியது, ஆகவே நம் குளிர் அதற்குப் பெரிய விஷயமில்லை. மலிவான பூட்ஸ்களில் வரும் பி.வி.சி.யும், சில வகைப் பொலியூரிதேனும் அந்த எல்லைக்கு வெகுமுன்பே விறைக்கத் தொடங்கிவிடும். கடைக்குள் 21 பாகை. அங்கே நகத்தால் அழுத்திப் பார்த்தால் எல்லா அடியும் மெத்தென்றுதான் இருக்கும். ஒரு இரவு வெளியில் வைத்துவிட்டு, காலையில் அதே இடத்தில் நகத்தை ஊன்றிப் பாருங்கள். சிலது அமுங்கும், சிலதில் நகம்தான் வளையும். ரயர் கம்பெனிகள் குளிர்கால ரயருக்குத் தனிக் கலவை செய்வதும் இதற்காகவே.

மென்மையில் ஒரு சிக்கல், சீக்கிரம் தேயும். சப்பாத்துக் கம்பெனிக்கு, மூன்று குளிர்காலம் தாங்கும் என்று சொல்லி விற்பது எளிது. ஐஸில் நன்றாகப் பிடிக்கும், ஆனால் அடுத்த வருடம் புதிது வாங்கவேண்டும் என்று சொல்லி விற்பது எளிதல்ல. பெரும்பாலான பூட்ஸ்கள் தேறாமல் போனதற்கு, அறிவு போதாமையைவிட இந்த வியாபாரக் கணக்குத்தான் பெரிய காரணம் என்பது என் எண்ணம்.

அடுத்தது கீறல். இதன் கதை சுவாரசியமானது. அமெரிக்காவில் ஜோன் சைப் என்பவர் இறைச்சி வெட்டும் சாலையில் வேலைசெய்தார். ஈரத் தரையில் வழுக்கி அலுத்துப்போய், தன் சப்பாத்தின் அடியில் கத்தியால் மெல்லிய கீறல்கள் போட்டார்; பிடிமானம் கூடியது என்று சொல்வார்கள். 1923-இல் காப்புரிமையும் பெற்றார். ரயர்களில் உள்ள நுண்கீறல்களுக்கு இன்றும் அவர் பெயர்தான். பிறகு 1935-இல், கனெக்ரிகட் மாநிலத்தில் போல் ஸ்பெரி, தன் நாய் ஐஸின்மேல் விழாமல் ஓடுவதைக் கண்டு அதன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். பாதத்தில் திசைக்கொன்றாக வெடிப்புகள். அதைப் பார்த்து மீன்முள் வடிவத்தில் றப்பரைக் கீறி அவர் செய்த சப்பாத்து படகோட்டிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ஐஸில் பிறந்த யோசனை, பிரபலமானது நனைந்த படகுத் தளத்தில்.

கீறல் செய்யும் வேலை, நீரை வெளியேற்றுவது. குதி இறங்கும் அந்தப் பத்தில் ஒரு நொடிக்குள், நடுவில் சிக்கிய நீர்ப்படை பிதுங்கி ஓடவேண்டும். ஓடாவிட்டால் றப்பர் ஐஸைத் தொடாமலே மிதந்து போகும். நீர் வெளியேற எடுக்கும் நேரம், தொடும் துண்டின் அகலத்தோடு இருமடிவீதத்தில் கூடும்: துண்டின் அகலத்தைப் பாதியாக்கினால் நேரம் கால்வாசியாகும். அதனால்தான் ஒரு பெரிய தட்டைப் பல்லைவிட, நுண்கீறல்களால் பிரிந்த சின்னச் சின்னத் துண்டுகள் ஈரத்தில் நன்றாகப் பிடிக்கின்றன. ஒவ்வொரு கீறலும் ஐஸைச் சுரண்ட ஒரு விளிம்பையும் தருகிறது. அளவு மீறினால் துண்டுகள் பலமிழந்து மடிந்து படுத்துவிடும். பிறகு கீறியும் பயனில்லை.

மென்மையும் கீறலும் சேர்ந்தாலும், பூச்சியப் பாகையின் ஈர ஐஸ் பெரிதாக மசியவில்லை. திருப்பம் வந்தது மூன்றாவது வழியில். அதே ரொறன்ரோ நிறுவனத்தில் ரேசா றிஸ்வி என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும், மென்மையான பொலியூரிதேனுக்குள் கண்ணாடி இழைகளைப் புதைத்து, இழைகளின் நுனி அடிப்பரப்பில் துருத்தி நிற்கும்படி ஒரு பொருளைச் செய்தார்கள். 2015-இல் ‘அப்ளைட் ஃபிசிக்ஸ் லெற்றர்ஸ்’ இதழில் அதைப்பற்றி எழுதினார்கள். தொட்டுப் பார்த்தால் நயம் உப்புத்தாள்போல இருக்கும். நீர்ப்படையைத் துளைத்துக்கொண்டு இழைகள் ஐஸில் குத்திநிற்கும், சுற்றியுள்ள மென்பொருள் வளைந்து கொடுத்து எல்லா நுனிகளையும் தரையில் அழுத்தி வைக்கும். கடினமும் மென்மையும் ஒரே அடியில். இரும்பாணி சில இடங்களில் மட்டும் செய்வதை, இது ஆயிரக்கணக்கான நுண்ணிய இடங்களில் செய்கிறது. வீட்டுக்குள் ஓடுகளையும் கீறாது.

கடைக்கு வந்தவற்றில் விப்ரம் கம்பெனியின் ‘ஆர்க்ரிக் கிரிப்’, வேறொரு கம்பெனியின் ‘கிரீன் டயமண்ட்’ இரண்டும் இந்த வகையைச் சேர்ந்தவை. முதலாவது 2016-இல் வந்தது. உறைநிலைக்குக் கீழே போனால் நிறம் மாறும் சில பற்களும் அதில் உண்டு. அது விளம்பரத்துக்கு அழகு. பிடிமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டாவது, முதலில் ரயர்களுக்காகக் கண்டுபிடித்த உத்தி. றப்பர் முழுவதிலும் கடினமான மணிகளைக் கலந்துவிடுவதால், மேல்படை தேயத்தேயப் புது மணிகள் வெளியே வரும். ரொறன்ரோப் பரிசோதனையில் முதலில் தேறியவற்றில் இந்த இரண்டு அடிகளும் முன்னணியில் நின்றன.

புள்ளிகளை அவர்கள் பனிச்செதில் சின்னத்தால் காட்டுகிறார்கள்: 7 பாகைக்கு ஒன்று, 11-க்கு இரண்டு, 15-க்கு மூன்று. இதை உராய்வுக் கணக்காக மாற்றினால் ஒரு விஷயம் தெரியவரும். 7 பாகைச் சாய்வில் நிற்கத் தேவையான குணகம் ஏறத்தாழ 0.12, 11-க்கு 0.19, 15-க்கு 0.27. இயல்பான நடைக்கு 0.2 அளவு வேண்டும் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் ஒரு செதில் வாங்கிய பூட்ஸ் போட்டுக்கொண்டு, கோடையில் நடப்பதுபோல எட்டிவைத்து நடக்கமுடியாது. அடியைக் குறுக்கித்தான் ஆகவேண்டும். எட்டிவைக்கும் தூரம் குறைந்தால் குதி தரையை முன்னோக்கித் தள்ளும் விசை குறையும், தேவையான உராய்வும் குறையும். மூன்று செதில் வாங்கினால்தான் வழமையான நடைக்கு மேலே கொஞ்சம் மிச்சம் இருக்கும். இது தோராயக் கணக்குத்தான், ஆனாலும் ஒரு செதிலைக் கண்டவுடன் கவலைவிட்டு நடப்பவர்களுக்குச் சொல்லவேண்டிய கணக்கு.

‘வழுக்காது’ என்று பெட்டியில் போட்டிருக்கிறதே என்று கேட்கலாம். பொய்யில்லை. எந்தத் தரையில் வழுக்காது என்பதுதான் கேள்வி. ஐரோப்பியப் பாதுகாப்புச் சப்பாத்துகளில் நீண்டகாலம் இருந்த எஸ்.ஆர்.ஏ. முத்திரை, சவர்க்காரம் கலந்த நீர் ஊற்றிய பீங்கான் ஓட்டில் சோதித்தது. எஸ்.ஆர்.பி., கிளிசரின் பூசிய இரும்புத் தட்டில். எஸ்.ஆர்.சி. என்றால் இரண்டிலும் தேறியது. 2022 திருத்தத்தில் இந்த எழுத்துகள் போய், ஓட்டுச் சோதனை கட்டாயம், கிளிசரின் விருப்பத்துக்கு என்று ஆகிவிட்டது. சமையலறைக்கும் தொழிற்சாலைக்கும் பொருத்தமான சோதனைகள்தான். அவற்றில் ஐஸ் எங்கும் இல்லை. உணவகச் சமையலறையில் அருமையாகப் பிடிக்கும் சப்பாத்து, வேலை முடிந்து வெளியே வந்து பஸ் தரிப்பிடத்துக்குப் போகும்போது காலை வாரிவிடலாம்.

சோதனை முறையிலும் ஒரு வேறுபாடு உண்டு. வழமையான சோதனையில் இயந்திரம் ஒன்று சப்பாத்தை ஒரே பாரத்தில், ஒரே வேகத்தில் தட்டின்மேல் இழுக்கும். மனிதர் அப்படி நடப்பதில்லை. பயந்தால் அடியைக் குறுக்குவார், பாரத்தை மாற்றுவார், முழங்காலை மடிப்பார். சாய்வறையில் நிஜ ஆள் நடப்பதால் இதெல்லாம் கணக்கில் வந்துவிடுகிறது. வெளிநாட்டுச் சோதனைக் கூடங்கள் இதை இன்னும் பரவலாக எடுத்துக்கொள்ளாததற்கு, அப்படி ஒரு அறை கட்டும் செலவும் காரணமாக இருக்கலாம்.

ஆய்வுகூடத்துக்கு வெளியே இது வேலைசெய்கிறதா என்றும் பார்த்தார்கள். ஒன்ராறியோவில் வீடுவீடாகப் போய் முதியோரைப் பராமரிக்கும் பணியாளர்களுக்கு, இழை கலந்த அடியுள்ள பூட்ஸ் கொடுத்துக் குளிர்காலத்தில் கண்காணித்தார்கள். எங்கள் ஆட்களும் நிறையப் பேர் செய்கிற பி.எஸ்.டபிள்யூ. வேலை. காலையில் ஒரு வீடு, மத்தியானம் இன்னொரு வீடு, ஒவ்வொன்றுக்கும் ஒரு துப்புரவாக்காத வாசல்படி. அந்த பூட்ஸ் போட்டவர்கள், தங்கள் சொந்த பூட்ஸோடு போனவர்களைவிட நன்றாகவே குறைவாக விழுந்தார்கள்.

ஆணி வைத்த வழியும் உண்டு. சப்பாத்தின்மேல் மாட்டும் ஆணிப்பட்டைகள் எந்தக் கடையிலும் கிடைக்கும், ஐஸில் அவற்றுக்கு ஈடில்லை. ஸ்வீடனில் பல நகராட்சிகள் முதியவர்களுக்கு அவற்றை இலவசமாகவே கொடுக்கின்றன. கழற்ற மறந்து அங்காடியின் பளிங்குத் தரையில் கால் வைத்தால் மட்டும், ஐஸைவிட மோசமாக வழுக்கும். குளிர்ந்த விரல்களோடு குனிந்து மாட்டிக் கழற்றுவது வயதானவர்களுக்கு எவ்வளவு பாடு என்பதும் தெரிந்ததே. இதற்கு எம்.ஐ.ரி.யும் ஹார்வர்டும் சேர்ந்து 2020-இல் ஒரு கெட்டிக்கார வழி காட்டின. மெல்லிய உருக்குத் தகட்டில் காகிதம் வெட்டுவதுபோலக் கூர்க்கீறல்கள் போட்டு அடியில் ஒட்டிவிடுவது. அடி தட்டையாக இருக்கையில் தகடும் தட்டை. நடக்கையில் அடி வளைய, கூர்கள் வெளியே எழும். பாம்பின் செதிலையும் சிறுத்தையின் நகத்தையும் பார்த்து எடுத்த யோசனை. 2022-இல் அக்ரன் பல்கலைக்கழகத்தார் துருவக் கரடியின் பாதத்தை அளந்து, அதிலுள்ள நுண்முளைகள் மற்றக் கரடிகளுடையதைவிட ஒன்றரை மடங்குவரை உயரம் என்று கண்டார்கள். ஸ்பெரியின் நாய்க்குப் பிறகும் மிருகங்களின் பாதத்தைப் பார்ப்பது நிற்கவில்லை.

தேய்மானம்தான் இன்னும் தீராத பாடு. செதில் சின்னம் கிடைப்பது புது பூட்ஸுக்கு. உப்புக் கலந்த கொங்கிரீற்றில் ஒரு குளிர்காலம் நடந்தபின் இழைகளின் நுனி மழுங்கும், மென்றப்பரின் விளிம்புகள் உருளும். ஆனால் எப்போது மாற்றவேண்டும் என்று பூட்ஸில் எங்கும் எழுதியிருப்பதில்லை. ரயரில் தேய்மான அடையாளக் கட்டை ஒன்று வைக்கிறார்கள், அதைச் சப்பாத்தில் வைக்க என்ன தடையோ தெரியவில்லை. இப்போதைக்குச் செய்யக்கூடியது, குதியின் பின்விளிம்பைப் பெருவிரலால் தடவிப் பார்ப்பது. உப்புத்தாளின் சொரசொரப்புப் போய் வழுவழுப்பாகிவிட்டால், மேலே தோல் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அது பனிக்கு மட்டும் உதவும் பூட்ஸ். அங்காடிக்குள்ளும் நிலக்கீழ் ரயில் நிலையத்திலும் நாள் முழுக்க அதோடேயே திரிபவர்களுக்கு அந்த வழுவழுப்பு இன்னும் சீக்கிரம் வரும். வேலையிடத்தில் ஒரு சோடி சாதாரண சப்பாத்து வைத்து மாற்றிக்கொண்டால், விலைகொடுத்து வாங்கிய அந்த அடி வெளியே ஐஸில் மட்டும் தேயும்.